நன்றாக ஓடிய பெட்ரோல் பங்க் ஏன் மூடப்படுகிறது? உள்ளே நுழையும் முன் எதைப் பார்க்க வேண்டும்?

புதுவரவு:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் பக்கம் மாநில நெடுஞ்சாலையில் 9 கிலோமீட்டருக்குள் நான்கு பங்க் இருந்தன. மூன்று ஆண்டுக்குள் இரண்டு மூடிவிட்டன. இரண்டிலும் வண்டிக் கூட்டம் குறைந்ததே இல்லை. கடைசி சில மாதங்கள் மட்டும் "பெட்ரோல் இல்லை" என்று ஒரு வாரம், "டீசல் இல்லை" என்று ஒரு வாரம் அட்டை தொங்கியது. அப்புறம் வாசலில் கயிறு கட்டிவிட்டார்கள்.

இப்போது மூன்றாவது பங்கின் டீலர் என் சித்தப்பாவைக் கூட்டுச் சேரக் கூப்பிடுகிறார். 40 லட்சம் போட்டால் லாபத்தில் பாதி. அரசு எண்ணெய் நிறுவனத்தின் பங்க், நிலம் டீலருடையது. மாத விற்பனை பெட்ரோல் 45 கேஎல் (கிலோலிட்டர், அதாவது 1,000 லிட்டர்), டீசல் 60 கேஎல் என்கிறார். எல்லாச் செலவும் போக ஒன்றரை லட்சம் நிற்கும் என்பது அவர் கணக்கு.

இவ்வளவு விற்கும் தொழில் எப்படிப் படுக்கிறது? மின்சார ஸ்கூட்டர்தான் காரணம் என்கிறார்கள், அது சரியா? சித்தப்பா பணம் போடுவதற்கு முன் எந்தெந்தக் கணக்கைக் கேட்டு வாங்கிப் பார்க்க வேண்டும்? அனுபவமுள்ளவர்கள் விவரமாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

---

கணக்கர்:

மின்சார ஸ்கூட்டரை இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள். நகரத்துக்குள் பெட்ரோலை மட்டும் நம்பியிருக்கும் பங்குக்கு அது நாளைய கவலை. மாநில நெடுஞ்சாலையில் மாதம் 60 கேஎல் டீசல் விற்கும் இடத்தை மூடவைத்தது அது இல்லை.

முதலில் புரிந்துகொள்ள வேண்டியது, டீலருக்குக் கிடைக்கும் கமிஷன் விற்பனை விலையில் இத்தனை சதவீதம் என்ற கணக்கு அல்ல. பெரும்பகுதி கிலோலிட்டருக்கு இவ்வளவு என்று நிலையான தொகை, அதோடு விலையில் ஒரு சிறு பங்கு. 2017-க்குப் பிறகு 2024 அக்டோபர் கடைசியில்தான் கமிஷனைக் கூட்டினார்கள். பெட்ரோலுக்கு லிட்டருக்கு 65 பைசா, டீசலுக்கு 44 பைசா. இடைப்பட்ட ஏழு ஆண்டில் ஆள் சம்பளம், மின்கட்டணம், வங்கி வட்டி, எரிபொருள் விலை எல்லாம் எங்கோ போய்விட்டன. நீங்கள் சொல்லும் இரண்டு பங்கும் அந்த ஏழு ஆண்டில் உள்ளுக்குள் உளுத்துப் போயிருக்கும்.

கூட்டிய பிறகான நிலையில் லிட்டருக்குப் பெட்ரோலுக்கு ரூ.4.30, டீசலுக்கு ரூ.3 என்று வைத்துப் போடுவோம். 45 கேஎல் பெட்ரோலுக்கு ரூ.1,93,500. 60 கேஎல் டீசலுக்கு ரூ.1,80,000. ஆக மொத்தம் ரூ.3,73,500. அவ்வளவுதான் வரவு. ஆயில், நைட்ரஜன் காற்று, புகைச் சான்று எல்லாம் அதற்கு மேல் சில்லறை.

செலவுப் பக்கம்: இரண்டு ஷிஃப்டுக்கு எட்டு ஆள், ஒரு மேனேஜர், பிஎஃப், இஎஸ்ஐ சேர்த்து 1.35 லட்சம். மின்சாரமும் ஜெனரேட்டரும் 35,000. பம்பின் அளவுக்கு முத்திரையிடும் கட்டணம், காப்பீடு, ரிப்பேர், லைசென்ஸ் எல்லாம் சராசரியாக 20,000. முதலீட்டுக்கு வட்டி 33,000 (40 லட்சத்துக்கு ஆண்டுக்கு 10 சதவீதம்). ஸ்டாக் குறைவு 31,000; பெட்ரோலில் அரை சதவீதம், டீசலில் 0.15 சதவீதம் என்று போட்டால் இது வரும். மொத்தம் 2.54 லட்சம். மீதி 1.19 லட்சம்.

அவர் சொன்ன ஒன்றரை லட்சத்துக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் பெரும்பாலும் வட்டியில் இருக்கும். தன் சொந்தப் பணத்துக்கு வட்டி போட்டுப் பார்க்கிற டீலர் குறைவு. நிலம் தன்னுடையது என்பதால் வாடகையும் போடமாட்டார்கள். இந்த 1.19 லட்சத்துக்குள்தான் நிலத்தின் வாடகை, டீலரின் உழைப்பு, உங்கள் சித்தப்பாவின் பாதி எல்லாம் அடங்க வேண்டும்.

இனி இதைப் பாருங்கள். 3 கிலோமீட்டர் தள்ளி புதிதாக ஒரு பங்க் வருகிறது. விற்பனையில் 35 சதவீதம் அங்கே போகிறது. வரவு 1.31 லட்சம் குறையும். ஆளைக் குறைக்க முடியாது, இரவு விளக்கை அணைக்க முடியாது, ஆவியாதலும் விற்பனை குறைந்த அளவுக்குக் குறையாது. மீதியாக நின்ற 1.19 லட்சம் அப்படியே போய்விடும். 2018 நவம்பரில் மூன்று அரசு நிறுவனங்களும் சேர்ந்து நாடு முழுவதும் 55 ஆயிரத்துக்கும் மேற்பட்ட இடங்களுக்குப் புது டீலர் கேட்டு விளம்பரம் செய்தன. பத்தாண்டில் பங்குகளின் எண்ணிக்கை ஏறக்குறைய இரட்டிப்பாகிவிட்டது. வண்டிகளும் கூடின, மறுக்கவில்லை. ஆனால் புது பங்க் திறக்கும் இடத்தின் பக்கத்தில் மட்டும் வண்டி இரட்டிப்பாவதில்லை.

---

டிப்ராடு:

கணக்கர் ஸ்டாக் குறைவுக்கு 31,000 என்று ஒரே வரியில் போட்டுவிட்டார். பங்கின் உயிர் அந்த வரியில்தான் இருக்கிறது. பெட்ரோல் விலை 101 ரூபாய், கமிஷன் 4.30 என்று வைப்போம். அரை சதவீதம் காணாமல் போனால் லிட்டருக்கு 50 பைசா. அதாவது கமிஷனில் எட்டில் ஒரு பங்கு. ஒரு சதவீதம் போனால் நான்கில் ஒரு பங்கு. வேறு எந்த வியாபாரத்திலும் ஒரு சதவீதச் சேதாரத்தைப் பற்றி இவ்வளவு பதற வேண்டியதில்லை.

எங்கே போகிறது என்று ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

முதலாவது நாசில், அதாவது வண்டியில் நிரப்பும் குழாய் முனை. 5 லிட்டர் அளவையில் பிடித்துப் பார்க்கும்போது 25 மில்லி கூடவோ குறையவோ இருக்கலாம் என்பது சட்ட வரம்பு. வாடிக்கையாளருக்குக் குறையக் கூடாது என்று எல்லோரும் கவனிக்கிறோம். கூடப் போகிறதா என்று எத்தனை பேர் பார்க்கிறார்கள்? 5 லிட்டருக்கு 20 மில்லி கூடப் போனால் 0.4 சதவீதம். 105 கேஎல் விற்கும் பங்கில் மாதம் 420 லிட்டர், ஏறக்குறைய 40,000 ரூபாய். வரம்புக்குள்தான் இருக்கிறது, எந்த ஆய்விலும் குற்றம் இல்லை, பங்க் மட்டும் இளைத்துக்கொண்டே வரும்.

இதைப் பிடிக்கும் முறை: அளவையை முதலில் ஒரு முறை நிரப்பிக் கொட்டி உள்பக்கம் நனைக்க வேண்டும். காய்ந்த அளவையில் பிடித்தால் சுவரில் ஒட்டுவதே சில மில்லி காட்டும். கவிழ்த்து அரை நிமிடம் வடியவிட்டு, சமமான தரையில் வைத்து, பம்ப் திரையில் 5.00 வரும்வரை பிடித்து, நுரை அடங்கியபின் கழுத்துக் கோட்டைக் கண் மட்டத்தில் பார்க்க வேண்டும். தினமும் காலை ஒவ்வொரு நாசிலும். தொடர்ந்து கூடவே காட்டினால் நிறுவனத்துக்கு எழுதிக் கொடுத்து சர்வீஸ் ஆளை வரவழைத்து, தொழிலாளர் துறை முத்திரை ஆய்வாளர் முன்னிலையில்தான் திருத்த வேண்டும். அந்த முத்திரையை யாரும் தானாகத் தொடக் கூடாது. தொட்டால் டீலர்ஷிப்பே போகும்.

இரண்டாவது டிப், அதாவது தொட்டிக்குள் அளவு ராடு விட்டு மட்டம் பார்ப்பது. 20 கேஎல் தொட்டி என்பது சுமார் 2 மீட்டர் விட்டம், 6.4 மீட்டர் நீளமுள்ள படுக்கை உருளை. பாதி மட்டத்தில் இருக்கும்போது ராடில் 1 மில்லிமீட்டர் வித்தியாசம் 12, 13 லிட்டர். 5 மில்லிமீட்டர் தப்பாகப் படித்தால் 60 லிட்டருக்கு மேல் பொய்க் கணக்கு. ராடை வேகமாகப் போட்டால் அடியில் மோதித் தெறித்து மட்டம் உயர்ந்து காட்டும். பெட்ரோலில் ஈரக்கோடு நொடியில் காய்ந்துவிடும், மங்கலாக இருந்தால் துடைத்துவிட்டு மறுபடி போட வேண்டும். ராடின் நுனி தேய்ந்திருந்தால் ஆண்டு முழுவதும் தப்பு. தினமும் ஒரே ஆள், ஒரே நேரம், ஒரே ராடு. ஆட்டோமேஷன் திரையில் தொட்டி அளவு தெரிகிறது என்று ராடை மூலையில் சாத்திவைப்பதும் தவறு. மிதவை சிக்கிக்கொண்டால் திரை நேற்றைய அளவையே காட்டிக்கொண்டிருக்கும்.

மூன்றாவது லோடு இறக்குவது. பணம் அதிகம் போவது இங்கேதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். லாரி சமதளத்தில் நின்று பத்து நிமிடமாவது அடங்க வேண்டும். சீல் எண்ணை இன்வாய்ஸோடு ஒப்பிட வேண்டும். லாரித் தொட்டியின் ஒவ்வொரு சேம்பரின் (அறையின்) மூடியையும் திறந்து அளவு கோடு வரை இருக்கிறதா என்று ராடு போட வேண்டும். ஜாரில் எடுத்து ஹைட்ரோமீட்டரும் தெர்மாமீட்டரும் வைத்து, அட்டவணைப்படி 15 டிகிரிக்கு மாற்றிய டென்சிட்டி (அடர்த்தி), இன்வாய்ஸில் உள்ளதிலிருந்து கன மீட்டருக்கு 3 கிலோவுக்கு மேல் விலகினால் இறக்கக் கூடாது. உடனே சேல்ஸ் ஆபிசருக்குத் தகவல் கொடுக்க வேண்டும். நம் தொட்டியில் முன் டிப் எடுத்து, அந்தத் தொட்டியிலிருந்து விற்பனையை நிறுத்தி, எர்த் கம்பி மாட்டியபின் ஹோஸ் இணைக்க வேண்டும். இறக்கி முடிந்ததும் ஹோஸைத் தூக்கித் தூக்கி வடிக்க வேண்டும். வளைந்து கிடக்கும் ஹோஸுக்குள் பல லிட்டர் நிற்கும். மேலே ஏறி ஒவ்வொரு சேம்பரும் வறண்டிருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் கையெழுத்து. போட்டுவிட்டால் அப்புறம் எந்தக் குறைவுக்கும் பேச்சில்லை.

வெப்பமும் சேர்ந்துகொள்ளும். பெட்ரோல் ஒரு டிகிரிக்கு சுமார் 0.12 சதவீதம் விரிந்து சுருங்கும். 37 டிகிரியில் நிரப்பிய 8 கேஎல் நிலத்தடித் தொட்டியில் 30-க்கு இறங்கினால் 67 லிட்டர் குறையும். சுமார் 6,800 ரூபாய். அந்த 8 கேஎலுக்கு வரும் மொத்தக் கமிஷன் 34,400. ஐந்தில் ஒரு பங்கு சுருங்கியே போய்விடுகிறது! சித்திரை, வைகாசியில் மதியம் நிரப்பிய லோடைவிட விடியற்காலையில் நிரப்பிய லோடு மேல். சங்ககிரி, இருகூர், கப்பலூர் என்று எந்த டெர்மினலிலிருந்து (எண்ணெய்க் கிடங்கிலிருந்து) வருகிறது, எவ்வளவு தூரம், எத்தனை மணிக்கு நிரப்புகிறார்கள் என்பதையெல்லாம் டீலரிடம் கேளுங்கள்.

இதற்கு மேலும் குறைவு தெரிந்தால் பைப்லைன் கசிவு. நொடிக்கு ஒரு சொட்டு என்றாலும் நாளைக்கு 4 லிட்டர். இரவு விற்பனையை நிறுத்திவிட்டு டிப் எடுத்து, ஆறு மணி நேரம் கழித்து மறுபடி எடுத்தால் தொட்டிக் கசிவு ஓரளவு தெரியும். பைப்பில் கசிவென்றால் பம்ப் ஓடும்போது மட்டும் தெரியும், அதற்கு நிறுவனத்தின் பிரஷர் டெஸ்ட்தான் வழி. கசிவைச் சேதாரம் என்று எழுதித் தள்ளிக்கொண்டே போவது பணத்துக்கு மட்டும் கேடில்லை. பக்கத்துக் கிணற்றில் மணம் வந்தால் பங்க் அன்றே மூடும், அந்தத் தண்ணீரைக் குடித்தவர்களுக்கு யார் பதில் சொல்வது?

---

லாரிப்பேட்டை:

தம்பி, மேலே இரண்டு பேரும் சொன்னது உண்மை. ஆனால் நெடுஞ்சாலை பங்குகளைக் கொன்றது கடன்தான்.

டீசல் லாரிக்காரர்கள் ஒரு மாதக் கடன் கேட்பார்கள், கொடுக்காவிட்டால் அடுத்த பங்குக்குப் போவார்கள். 92.50 ரூபாய் டீசலை 30 நாள் கடனுக்குக் கொடுத்தால், ஆண்டுக்கு 12 சதவீத வட்டியில் லிட்டருக்கு 92 பைசா போகிறது. அதற்கு மேல் லிட்டருக்கு ஒரு ரூபாய் தள்ளுபடி கேட்பார்கள். மூன்று ரூபாயில் மிஞ்சுவது ஒரு ரூபாய் சொச்சம். அதிலிருந்துதான் ஆள் சம்பளமும் கரண்ட் பில்லும்.

இதில் ஒரு பார்ட்டி 6 லட்சத்தோடு கையை விரித்தால், அதை ஈடுகட்ட 2 லட்சம் லிட்டர் டீசல் விற்க வேண்டும். உன் சித்தப்பா பார்க்கிற பங்கில் மூன்று மாதத்துக்கும் சற்றுக் கூடுதலான காலம் டீசல் விற்பது முழுக்க இலவச வேலை. அதனால்தான் சொல்கிறேன், விற்பனை 60 கேஎல் என்றால் அதில் ரொக்கம் எவ்வளவு, கடன் எவ்வளவு என்று பிரித்துக் கேள். பாதிக்கு மேல் கடன் என்றால் அது பங்க் இல்லை, பைனான்ஸ்.

"பெட்ரோல் இல்லை" அட்டை எப்படி வருகிறது தெரியுமா? லோடுக்கு முன்பணம் கட்டினால்தான் லாரி கிளம்பும். 12 கேஎல் லோடு என்றால் சுமார் 11 லட்சம். டீசல் பணம் கடனில் வெளியே நிற்கிறது, அதனால் இன்று பெட்ரோல் விற்ற ரொக்கத்தைப் போட்டு டீசல் லோடு எடுப்பார்கள். அடுத்த வாரம் பெட்ரோலுக்குக் கட்டப் பணமிருக்காது. தொட்டி காய்ந்துவிடும். இரண்டு நாள் பெட்ரோல் இல்லையென்றால் பைக்கில் வருபவர் மூன்றாம் நாள் வரமாட்டார். அவர்தான் ரொக்கம் கொடுப்பவர். ரொக்கம் குறைந்தால் அடுத்த லோடு இன்னும் தள்ளிப்போகும். கடன் வாங்கும் லாரி மட்டும் தவறாமல் வரும். வெளியிலிருந்து பார்த்தால் வண்டி நிற்பதுபோலவே இருக்கும். நீ பார்த்த கூட்டம் அதுதான்.

அடுத்து ரோடு. பங்கின் வாசலுக்கு எதிரே மீடியனில் (சாலையின் நடுத் தடுப்பில்) திறப்பு இருக்கிறதா பார். நான்குவழி ஆக்கும்போது அந்தத் திறப்பை மூடினால் எதிர்ப்பக்க வண்டி முழுவதும் போச்சு. மேம்பாலம் வந்து பங்க் சர்வீஸ் ரோட்டுக்குள் போய்விட்டால் லாரிக்காரர் இறங்கி வரவேமாட்டார். பைபாஸ் வந்தால் ஊருக்குள் இருக்கும் பங்கில் டீசல் படுத்துவிடும், பெட்ரோல் மட்டும் நிற்கும். அகலப்படுத்த முன்பக்க நிலத்தை எடுத்தால் இன்னொரு வம்பு. டிஸ்பென்சருக்கும் (எண்ணெய் நிரப்பும் இயந்திரத்துக்கும்) ரோட்டுக்கும் உள்ள இடைவெளி குறையும், வரைபடத்தைத் திருத்தி எக்ஸ்ப்ளோசிவ் துறையில் மறுபடி ஒப்புதல் வாங்க வேண்டும். நெடுஞ்சாலைத் துறை அலுவலகத்தில் அந்த ரோட்டுக்கு என்ன திட்டம் இருக்கிறது என்று கேட்டு எழுத்தில் வாங்கு. இதற்குக் காசு செலவில்லை, ஒரு நாள் அலைச்சல்தான்.

---

கடற்கரைச்சாலை:

இருப்பிடம் பற்றி இன்னொன்று. மாநில வரி எல்லை. புதுச்சேரியில் வரி குறைவு என்பதால் பெட்ரோலும் டீசலும் தமிழ்நாட்டைவிட லிட்டருக்குச் சில ரூபாய் மலிவு. கடலூர், விழுப்புரம் பக்கம் எல்லையை ஒட்டிய பங்குகளும், காரைக்காலைச் சுற்றியவையும் இதனால் அடிபடுகின்றன. ஓசூரில் டீசலுக்கு இதே நிலை, லாரிகள் கர்நாடகப் பக்கம் நிரப்பிக்கொண்டு வருகின்றன. எல்லையிலிருந்து 20, 30 கிலோமீட்டருக்குள் இருக்கும் பங்கை எடுக்க நினைப்பவர் இந்த வித்தியாசத்தை முதலில் பார்க்க வேண்டும். கமிஷனே மூன்று ரூபாய் எனும்போது, அந்த வித்தியாசத்தைத் தள்ளுபடி கொடுத்துச் சமாளிக்க எந்த டீலராலும் முடியாது.

விலைக் குறைப்பையும் யாரும் சொல்லவில்லை. டீலர் வரியோடு சேர்த்து முழு விலை கட்டித்தான் லோடு வாங்குகிறார். வரி குறைந்தால் தொட்டியில் இருக்கும் ஸ்டாக்குக்குத் திருப்பித் தருவதில்லை. 2021 நவம்பர் 3, தீபாவளிக்கு முந்தைய நாள் மாலை, கலால் வரியைப் பெட்ரோலுக்கு 5 ரூபாய், டீசலுக்கு 10 ரூபாய் குறைத்தார்கள். பண்டிகை விடுமுறைக்காக எல்லாத் தொட்டியும் நிரம்பியிருந்த நாள். 15 கேஎல் டீசல் வைத்திருந்தவருக்கு ஒரே இரவில் ஒன்றரை லட்சம் போனது. 2022 மே 21 சனிக்கிழமை. ஞாயிறு லோடு வராது என்பதால் சனிக்கிழமை ஸ்டாக் கூடுதலாக இருக்கும். அன்று இரவுதான் பெட்ரோலுக்கு 8 ரூபாயும் டீசலுக்கு 6 ரூபாயும் குறைப்பு அறிவிப்பு வந்தது. அந்த மே 31-ஆம் தேதி பல மாநில டீலர்கள் லோடு எடுக்காமல் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். மக்களுக்கு விலை குறைந்தது நல்லதுதான், அதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. அந்தச் சுமையைச் சிறு டீலரின் தொட்டியில் இறக்கியது நியாயமில்லை. கடனில் ஓடிக்கொண்டிருந்தவர்கள் பலருக்கு அந்த இரண்டு இரவும் எழ முடியாத அடி.

---

புதுவரவு:

எல்லோருக்கும் மிக்க நன்றி. கடன் விஷயம் புரிந்துவிட்டது, அந்த அட்டைக்கு இப்போதுதான் அர்த்தம் தெரிகிறது. இன்னும் இரண்டு கேள்வி. தனியார் நிறுவன பங்க் எடுத்தால் இந்தத் தொல்லை குறையுமா? அப்புறம், எத்தனால் கலந்த பெட்ரோலில் தண்ணீர் புகார் அதிகம் என்கிறார்கள், அதுவும் பங்கை மூடவைக்குமா?

---

கணக்கர்:

தனியார் பங்குக்கு வேறு ஆபத்து. அரசு நிறுவனங்கள் விலையை அடக்கி வைத்தால், தனியார் அதே விலைக்கு விற்றால் நட்டம், கூட்டி விற்றால் ஆள் வராது. 2008-இல் ரிலையன்ஸ் நாடு முழுவதும் 1,400-க்கும் மேற்பட்ட பங்குகளை இதனால்தான் மூடியது. அப்போது அரசு நிறுவனங்களுக்கு மட்டும் மானிய ஈடு கிடைத்தது. பெட்ரோல் விலைக் கட்டுப்பாடு 2010 ஜூனிலும், டீசலுக்கு 2014 அக்டோபரிலும் நீங்கிய பிறகுதான் தனியார் மறுபடி தலையெடுத்தார்கள். 2022-இல் கச்சா எண்ணெய் எகிறியபோது அரசு நிறுவனங்கள் சில்லறை விலையை ஏற்றாமல் நிறுத்தின. தனியார் பங்குகள் மறுபடி விலையைக் கூட்டவும் விற்பனையைச் சுருக்கவும் வேண்டி வந்தது. சட்டப்படி விலை சுதந்திரம், நடைமுறையில் இப்படி. கச்சா விலை இறங்கும் காலத்தில் தனியார் பங்க் தள்ளுபடி கொடுத்து நன்றாக ஓடும் என்பதும் உண்மை. ஏறும் காலத்தில் ஆறு மாதம் கையைக் கடித்துக்கொண்டு நிற்க வசதி இருப்பவருக்குத்தான் அது.

---

டிப்ராடு:

எத்தனால் கேள்விக்கு. எத்தனால் கலக்காத பெட்ரோலில் தண்ணீர் சேராது, அடியில் தனியாக நிற்கும், தண்ணீரைக் காட்டும் பேஸ்ட் தடவிய ராடு நிறம் மாறிக் காட்டிவிடும். எத்தனால் தண்ணீரை இழுத்துத் தன்னுள் கரைத்துக்கொள்ளும். ஓரளவு வரை ஒன்றும் தெரியாது. 10 சதவீதக் கலப்பில் ஏறத்தாழ அரை சதவீதத் தண்ணீர் சேர்ந்ததும் எத்தனாலும் தண்ணீரும் ஒன்றாகப் பிரிந்து அடிக்குப் போய்விடும். 10 கேஎல் ஸ்டாக்கில் 50 லிட்டர், ஒரு நல்ல மழை இரவு போதும். 20 சதவீதக் கலப்பு இன்னும் சற்றுத் தாங்கும், ஆனால் பிரிந்தால் அடியில் நிற்கும் அளவும் அதிகம்.

பிரிந்த பிறகு அடியில் உள்ளதை வெளியே எடுத்துவிட்டு மேலே உள்ளதை விற்கலாம் என்று நினைக்கக் கூடாது. எத்தனால் போன பெட்ரோலின் ஆக்டேன் குறைந்திருக்கும், அது தரமான பொருள் இல்லை. விற்பனையை நிறுத்தி நிறுவனத்துக்குச் சொல்ல வேண்டும். தொட்டி முழுவதும் நட்டமாகும்.

பழைய பேஸ்ட் இந்த எத்தனால் தண்ணீர்க் கலவைக்குச் சரியாக நிறம் மாறாது, எத்தனால் கலப்புக்கென்று வரும் பேஸ்ட்தான் வாங்க வேண்டும். தண்ணீர் புகும் வழி பெரும்பாலும் நிரப்பும் குழாயின் மூடியிலுள்ள கேஸ்கெட், டிப் குழாயின் மூடி, தரைமட்டத்துக்குக் கீழே இருக்கும் மேன்ஹோல் குழி. ஐப்பசி மழைக்கு முன் கேஸ்கெட்டை மாற்றி, குழியைச் சுற்றி நான்கு விரற்கடை உயரத்துக்குச் சிமெண்டு வரப்பு எழுப்பினால் பெரும்பாலும் தப்பிக்கலாம். செலவு சில ஆயிரம்தான். மழைநாளில் விடியற்காலை மூன்று மணிக்கு ஒரு முறை குழியைத் திறந்து பார்க்க ஆள் வேண்டும்.

பங்க் மூடுமா என்றால், தொட்டி நட்டத்தைத் தாங்கிவிடலாம். அன்று நிரப்பிக்கொண்டு போன 40 பைக் வழியில் நின்று, அந்தப் படம் வாட்ஸ்அப்பில் ஊர் சுற்றிய பிறகு விற்பனை திரும்பி வருவதற்குள் முதலீடு தீர்ந்துவிடும்.

---

லாரிப்பேட்டை:

தம்பி, முக்கியமான ஒன்று விட்டுப்போச்சு. கூட்டுச் சேர்வதே சரியா என்று முதலில் பார்.

டீலர்ஷிப் யார் பெயரில் இருக்கிறதோ அவருக்கு மட்டும்தான். கூட்டாளி சேர்க்க எண்ணெய் நிறுவனத்தின் எழுத்துமூல முன் அனுமதி வேண்டும். அதை மறுசீரமைப்பு என்பார்கள், அதற்குத் தனி விண்ணப்பம், கட்டணம் எல்லாம் உண்டு. அனுமதியில்லாமல் பத்திரப் பேப்பரில் இரண்டு பேரும் எழுதிக்கொண்டால் அது பினாமி நடத்துவது ஆகிவிடும். தெரிந்தால் டீலர்ஷிப்பை ரத்து செய்யலாம். அப்போது உன் சித்தப்பாவின் 40 லட்சத்துக்கு நிறுவனம் பொறுப்பில்லை. டீலர் வேறு சண்டை போட்டுப் பிரிந்தாலும் பங்கில் உரிமை கேட்க முடியாது. "முதலில் பணத்தைப் போடுங்கள், அனுமதி அப்புறம் வாங்கிக்கலாம்" என்றால் அங்கேயே எழுந்து வந்துவிடு.

அவர் ஏன் இப்போது 40 லட்சம் கேட்கிறார் என்றும் யோசி. கணக்கர் போட்ட கணக்கில் முதலீடு மொத்தமே ஏறக்குறைய அவ்வளவுதான். அவர் போட்ட முதல் எங்கே போனது? கடனில் நிற்கிறதா, குறைவில் கரைந்ததா, வேறு தொழிலுக்கு எடுத்துவிட்டாரா?

---

கணக்கர்:

அதைக் கண்டுபிடிக்க வாங்க வேண்டியவை இவை. நிறுவனத்தின் கணக்கிலிருந்து இறக்கிய 24 மாத லெட்ஜர், டீலர் தட்டச்சு செய்து கொடுப்பது வேண்டாம். அதில் மாதாமாதம் எத்தனை கேஎல் எடுத்தார் என்பது பொய் சொல்லாது. அதோடு லோடின் அளவையும் தேதியையும் பாருங்கள். முன்பு ஒரே தடவையில் 12 கேஎல் எடுத்தவர் கடைசி ஆறு மாதமாக 4, 4 ஆக எடுத்தால் கையில் பணமில்லை என்று அர்த்தம். வங்கி ஓவர்டிராஃப்ட் (மிகைப்பற்று) கணக்கின் 12 மாத விவரம். கடன் பார்ட்டிகளின் பட்டியல், 30 நாள், 60 நாள், 90 நாளுக்கு மேல் என்று பிரித்தது. 90-க்கு மேல் உள்ளதை வராத பணம் என்றே எழுதுங்கள்.

தினசரி ஸ்டாக் பதிவேட்டில் பெட்ரோலுக்கு மூன்று மாதம் எடுத்து, தொடக்க டிப் கூட்டல் லோடு கழித்தல் டோட்டலைசர் (பம்பின் மொத்த விற்பனை மீட்டர்) காட்டும் விற்பனை, டெஸ்டிங்கில் திருப்பி ஊற்றியதைச் சேர்த்து, முடிவு டிப்போடு ஒப்பிடுங்கள். ஒவ்வொரு நாளும் கச்சிதமாக ஒரே குறைவு எழுதியிருந்தால் யாரும் டிப் எடுக்கவில்லை, எழுதி நிரப்பியிருக்கிறார்கள். உண்மையான பதிவேட்டில் ஒரு நாள் கூடும், ஒரு நாள் குறையும்.

---

புதுவரவு:

ஐயா, நீங்கள் சொன்ன லெட்ஜரைக் கேட்டுப் பார்த்தோம். 14 மாதத்துக்குத்தான் கொடுத்தார். பெட்ரோல் லோடு தொடக்கத்தில் 8 கேஎலாக இருந்தது, கடைசி ஐந்து மாதமாக 4 கேஎல்தான். கடன் பட்டியல் இன்னும் வரவில்லை.

---

லாரிப்பேட்டை:

பட்டியல் வரும்வரை பணம் போக வேண்டாம். வந்தபின் அதில் உள்ள முதல் மூன்று பெரிய பார்ட்டிகளின் பில்லில் அவர்கள் கையெழுத்து இருக்கிறதா என்று பார். வெறும் நோட்டில் எழுதிய கடனை வசூலிக்க எந்தக் கோர்ட்டிலும் வழியில்லாமல் அலைய வேண்டியிருக்கும்.